டப்பா அம்மாவின் குரல்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் நலம், அங்கே உன் நலம் எப்படி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "நாங்கள்" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அப்பா நலம். முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். சின்னவள் நலம், முன்பல் ஒன்று விழுந்து பேச்சில் காற்று அடிக்கிறது. என்னைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். போனில் இருக்கும்போது என்ன இது கடிதம் என்று நினைப்பாய். இனி என் குரலை உனக்கு அனுப்புவதாக இல்லை. கையெழுத்தை வெட்டி ஒட்டுவது கொஞ்சம் சிரமம் என்று நினைக்கிறேன், அதனால்தான்.

நீ கிளம்பும்போது உன் பழைய டேப்லெட்டைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, முதல் சில மாதங்கள் இந்த வீடு இருந்த இருப்பை நான் போனில் புலம்பியது உனக்கு நினைவிருக்கும். சாப்பாட்டுத் தட்டு ஒரு கையில், அது ஒரு கையில். நான் சார்ஜரை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன், அவள் மோப்பம் பிடித்து எடுத்தாள். கத்தினேன், கெஞ்சினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அப்போது நீதான் அங்கிருந்து ஒரு வழி சொன்னாய். எவ்வளவு நேரம் பார்க்கிறாளோ அவ்வளவு நேரம் எதையாவது செய்ய வேண்டும், அதையும் வீட்டில் கிடைப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்று. "பிடுங்காதம்மா, பிடுங்கினா அதே நினைப்பாவே இருப்பா, கைக்கு வேலை குடு" என்றாய். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து உடைந்த ஃபிரேம்கள், கீறல் விழுந்த கண்ணாடிகள், மூடி தளர்ந்த கண்ணாடிப் பெட்டிகள் என்று பை பையாகக் கொண்டுவந்து கொட்டினேன். ஒரு பெட்டிக்கு இரண்டு பொத்தானைக் கண்ணாக ஒட்டி, மூடியைத் திறந்து மூடினால் வாய் என்று அவள் காட்டியபோது நானும் அப்பாவும் கை தட்டினோம். அந்தப் பெட்டிதான் அம்மா. பெரிய குழிக்கரண்டி எங்கள் கடை முதலாளி. சின்ன ஸ்பூன் ஒன்று நீ. ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், நீ உன் எடிட்டிங் வேலைக்கு நடுவே கோத்துக் கொடுப்பாய், ஞாயிறு மதியம் படுக்கையறைச் சுவரில் போட்டுப் பார்ப்போம். எல்லாப் பாத்திரத்துக்கும் சின்னவளே குரல் கொடுத்திருப்பாள். முடிந்ததும் நான் "கடை சாத்தியாச்சு" என்பேன், முணுமுணுக்காமல் கொண்டுபோய் அலமாரியில் வைப்பாள். நான் விதித்தது ஒன்றே ஒன்று. இந்தச் சுவரைத் தாண்டி எதுவும் போகக் கூடாது. நீ சரி என்றாய். நீ சரி என்றது இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குத் தலைகால் புரியவில்லை அவ்வளவு பெருமை. பிள்ளைக்குக் கண்ணாடி போட வரும் தாய்மாரெல்லாம் எப்போதும் போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறான் மேடம் என்று அழும்போது, எவ்வளவு நேரம் பார்த்தான் என்று மட்டும் கேட்காதீர்கள், பார்த்துவிட்டு என்ன செய்தான் என்றும் கேளுங்கள் என்று பெரிய இவள் மாதிரி சொல்லி அனுப்புவேன். என் பெரிய பெண் சொன்ன வழி என்றும் சேர்த்துச் சொல்வேன்.

போன வாரம் ஒரு குட்டிப் பெண் முதல் கண்ணாடிக்காக வந்தாள். ஸ்டூலில் உட்கார வைத்து, முகவாயைப் பிடித்து, மூக்குத் தாங்கியைச் சரி செய்துகொண்டே நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைச் சொன்னேன், "ஆடாத கண்ணு, உலகம் எங்கயும் ஓடிடாது, இங்கதான் இருக்கும்" என்று. அது என் கையைத் தட்டிவிட்டு எழுந்து நின்று, "அம்மா, டப்பா அம்மா! இவங்கதான் டப்பா அம்மா!" என்று குதிக்க ஆரம்பித்தது. அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயோ, நீங்களா அது? எங்க வீட்ல தினமும் உங்க திட்டுதான்" என்று சிரித்தபடி போனைத் திறந்து, நெட்டில் டப்பா அம்மா என்ற பெயரில் ஓடும் படத்தைக் காட்டினார். என் பொத்தான் கண் பெட்டி வாயைத் திறந்தது. வந்தது என் குரல். குழிக்கரண்டியைப் பார்த்து, "நான் என்ன உங்க கடை ஸ்டூலா? வேணும்னா இழுத்துப் போட்டு உக்காருவீங்க, வேணாம்னா காலால தள்ளிவிடுவீங்க" என்றேன். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். நான் பாத்திரம் கழுவும்போது பேசுவது. முதலாளிக்கும் உன் அத்தைக்கும் நேரில் சொல்ல வாய் வராததையெல்லாம் நான் அந்தத் தொட்டியிடம்தான் சொல்வேன், அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் முதலாளி பக்கத்து மேசையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மறுநாள் கடைக்குப் போனால் எனக்கென்று முதுகு சாயும் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது என்னைக் கேட்காமல் ஸ்டூலைக்கூட நகர்த்துவதில்லை அந்த மனிதர்.

அந்தக் குட்டிப் பெண் வந்த அன்றே வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார், அதில் சரி செய்ய ஒன்றுமில்லை. அப்புறம், "எத்தன பேரு சிரிக்கறாங்க தெரியுமா, எல்லாருக்கும் உன்னப் பிடிச்சிருக்கு, இதுல என்ன இருக்கு" என்றார். அவருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியுமாம், அவள் திட்டு வாங்கிய பகுதி உள்பட. எல்லாருக்கும் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னவள் குரலுக்கு மாற்றிய படத்தை எனக்கென்று தனியாகப் போட்டுக் காட்டிக் கை தட்டியிருக்கிறீர்கள். சின்னவள்தான் அழுதுகொண்டே நிஜத்தைச் சொன்னாள். "அக்காதான் சொன்னா, அம்மாகிட்ட சொன்னா நடிக்க ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் நல்லா இருக்காதுன்னு." அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய் என்றோம், என் குரலும் வீட்டில் கிடைத்தது, டேப்லெட்டில் பதிந்து எடுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்கு ஸ்பூனும் ஒன்றுதான், அம்மா குரலும் ஒன்றுதான். உனக்கும் அப்படியா?

அன்று போனில் நீ என்ன சொன்னாய்? "உன் பேரு இல்ல, முகம் இல்ல, யாருக்கும்மா தெரியப் போகுது?" என்றாய். கண்ணாடிக் கடையில் என் வேலை என்ன என்று உனக்குச் சொல்லவே இல்லையோ நான்? என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் முதலில் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். அப்புறம் அவர்களுக்கு நான் ஒரு மங்கல். என் குரல்தான் என் முகம். பயப்படாதீங்க, இதோ முடிஞ்சிடுச்சு என்று அந்தக் குரல் சொன்னால்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு இப்போது சிரிக்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மற்றப் படங்களையெல்லாம் அன்று மாலையே உட்கார்ந்து பார்த்தேன், தப்பாக நினைக்காதே, நீ தொழில் தெரிந்தவள்தான், எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அதில் ஒன்று ஸ்பூன் ஊருக்குக் கிளம்புவது. நூலில் ஒரு பை மாட்டிக்கொண்டு ஸ்பூன் நிற்கிறது. பெட்டி வாயைத் திறந்து, "போ, போ, போகாதன்னு சொன்னா மட்டும் நிக்கவா போற, அங்க போய் பசிச்சா யாருகிட்ட கேப்ப, வாயத் திறந்து கேக்கவாவது தெரியுமா உனக்கு" என்கிறது. அடுத்த நொடி ஸ்பூன் தொபுக்கென்று விழுகிறது, டிங் என்று ஒரு சத்தம், எல்லாரும் அதற்குத்தான் அதிகம் சிரித்திருக்கிறார்கள். நீ போன மறுநாள் தொட்டியிடம் நான் சொன்னது அது. வாசலில் உன்னிடம் சொல்ல முடியாமல் உன் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அப்போது சொல்லியிருக்க வேண்டியது. உனக்குச் சொன்னது உன் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு போன் செய்து, கேட்டேன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். நீ எங்கே டிங் போடலாம் என்று பார்த்தாய்.

அப்பா அந்த டேப்லெட்டைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிடலாம் என்றார், தன் தப்பை அதன் தலையில் கட்டிவிடலாம் என்ற நினைப்பு. வேண்டாம் என்றேன். பார்த்த அளவுக்குச் செய்வது என்ற வழி நல்ல வழிதான், அவள் கை பழகியிருக்கிறது, மூளை ஓடுகிறது, அதை நான் கெடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறேன். யாரிடமிருந்து எதை எடுத்தாலும் முதலில் அவரைக் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அதோடு கடை சாத்தியாச்சு. இந்த வழி உனக்கும் சேர்த்துத்தான். என் குரல் உள்ளதையெல்லாம் நீயே உன் கையால் நெட்டிலிருந்து எடுத்துவிடு. மற்றவர்கள் எடுத்து வைத்திருப்பதை ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். உன் பங்கை நீ செய்.

இப்போது பாத்திரம் கழுவும்போது நான் பேசுவதில்லை. தண்ணீர் சத்தம் மட்டும்தான். அப்பா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த ஞாயிறு சின்னவள் தானே ஒரு படம் கோத்துப் போட்டாள், உனக்கு அனுப்பாமல். நூல் பையோடு ஸ்பூன் திரும்பி வருகிறது. பெட்டி முன்னால் நிற்கிறது. பெட்டி வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. சத்தமே இல்லை. அப்பா சிரிக்கவில்லை. சின்னவள் என் பக்கம் திரும்பி, காற்றடிக்கிற பல்லோடு, "இதுக்கு நீ பேசறியாம்மா? பிடிச்சா பேசு. இல்லன்னா இப்படியே இருக்கட்டும்" என்றாள். இந்த வீட்டில் முதல் தடவையாக என்னை ஒருவர் கேட்டார். நான் இன்னும் பேசவில்லை. ஸ்பூன் நிஜமாக வாசலில் வந்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

என்னைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நாளெல்லாம் திரையைப் பார்க்கிற வேலை உனக்கு, அவ்வப்போது ஜன்னல் பக்கம் போய்த் தூரத்தில் இருப்பதையும் கொஞ்சம் பார். கோபத்திலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்றே மனம் நினைக்கிறது, நன்றாக இரு. பதில் எழுதினால் கையால் எழுது, இந்தக் கடிதத்தை உன்னிடமே வைத்துக்கொள், யாருக்கும் படித்துக் காட்டாதே.

இப்படிக்கு,
டப்பா அம்மா இல்லை,
உன் அம்மா.