ஆறு பிரியும் இடத்தில் நான் போட்ட கல்

ஜூன் 8, 1954
சின்னாற்றில் இன்றும் தண்ணீர் இல்லை. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் அதன் வாயை மணல் அடைத்துக் கிடக்கிறது. தண்ணீரெல்லாம் பெரியாற்றில் போகிறது. யாரோ வேண்டுமென்று செய்த வேலையாம். யாரென்று எனக்குத் தெரியும். நான்தான்.

தை மாதம், பள்ளிக்கூடம் போகும்போது பாவாடை நனையாமல் கடப்பதற்காக, உடைந்த அம்மியின் பாதியை அங்கே உருட்டிப் போட்டேன். முதலில் கல்லுக்குப் பின்னால் ஒரு பிடி மணல் தங்கியது. பிறகு ஒரு பாய் அளவு. இப்போது அதில் ஒரு மாடு படுக்கலாம்.

உம்மா புரண்டு படுக்கிறா. விளக்கை அணைக்கிறேன்.

ஜூன் 11
ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இரண்டு ஆற்று வயல்காரருக்கும் சண்டை. நம் சின்னாற்று ஆட்கள், "தண்ணியக் களவெடுத்திட்டீங்க!" என்றார்கள். பெரியாற்றுக்காரர், "ஆரு கேட்ட உங்கட தண்ணிய? எங்கட கரையத் திண்டுக்கிட்டுப் போகுது. திருப்பி எடுங்க!" என்றார்கள்.

கேட்பவர்களும் கொடுப்பவர்களும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்? பிறகு ஏன் சண்டை?

ஜூன் 14
நீர்ப்பாசன ஓவசியர் அழகரெத்தினம் வந்து கம்பை ஊன்றி ஆழம் பார்த்தார். "தண்ணி மெதுவாப் போற பக்கம் மணல் படியும். படியப் படிய இன்னும் மெதுவாகும். மற்றப் பக்கம் வேகம் கூடி அடியை அரிக்கும். ஆழமான பக்கம்தானே தண்ணி போகும்? இது ஆறே செய்த வேலை."

"ஆத்துக்குக் கையா இருக்கு?" என்றார் அபூசாலி மாமா. எல்லோரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். ஓவசியர் கம்பைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 16
யா அல்லாஹ். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சத்தியமாம். தானோ தன் வீட்டாரோ ஆற்றில் கை வைக்கவில்லை என்று எல்லா வயல்காரரும் சொல்ல வேண்டும். முதலில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை. அது என் வாப்பா.

சொன்னா இஸ்கூல நிப்பாட்டுவாங்க. சொல்லாட்டி வாப்பாட வாயில பொய்ச் சத்தியம் — என்னால. நான் என்ன செய்ய?

ஜூன் 17
சொல்லிவிட்டேன். வாப்பா அடிக்கவில்லை. "பாதி அம்மியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 18
வாப்பா உம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பள்ளிவாசலில் வாப்பா முதலில் எழும்பி, "என்னால சத்தியம் பண்ண ஏலா" என்றாராம். காரணம் சொல்லவில்லை. அடுத்தது அபூசாலி மாமா. தொண்டையைச் செருமி, "எனக்கும் ஏலா." அவர் போட்டது ஒரு பழைய கதவாம். மக்கீன் மாமா முள்ளுக் கட்டு. பெரியாற்றுக்காரர் ஒருவர் வண்டிச் சில்லு. நாற்பத்திமூன்று பேரில் சத்தியம் பண்ணியவர் எனக்கு அண்ணன் முறையான பளீல் காக்கா மட்டும்.

இப்போது ஊரே அவரைத்தான் சந்தேகப்படுகிறது.

ஜூன் 20
இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து மணலை வெட்டினார்கள். சின்னாற்றில் கரண்டைக்கால் அளவு தண்ணீர் வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகச் சொன்னார் வாப்பா.

கஞ்சி கொண்டுபோனேன். பளீல் காக்கா தனியாக வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு யாரும் கஞ்சி ஊற்றவில்லை. நான் ஊற்றினேன்.

"நீயும் என்னச் சந்தேகப்படுறியா புள்ள?"

"இல்ல காக்கா. கல்லுப் போட்டது நான்."

அவர் சுற்றிப் பார்த்தார். "மெல்லக் கதை புள்ள. நாம ரெண்டு பேரும் கூட்டு எண்டு நினைப்பாங்க."