என் எச்சிலும் உங்கள் கன்னமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நலம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. வாய்ப்புற்றுநோய் சந்தேகத்தில் வருகிறவர்களின் எச்சிலில் ஒரு நொதியை அளப்பதுதானே என் வேலை? செல்கள் சிதைந்தால் அது கூடும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் எச்சிலும் வேண்டும். போன வாரம் என்னுடையதை வைத்தேன். நோயாளிகளுடையதையும் தாண்டி எகிறிவிட்டது.

குழாயின் எண்ணை மட்டும் பார்த்த மேலதிகாரி அக்கா, "யாரோடது இது? உடனே வரச் சொல்லு!" என்றார்.

"இங்கதான் நிக்கிறேன்க்கா" என்றேன். சிரித்தேனே தவிர, அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள்தான் விளங்கியது. அவசரத்தில் அழுத்திப் பல் தேய்த்ததில் ஈறில் ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தம் கலந்தாலும் அந்த நொதி கூடும். ஈறு ஆறியதும் மறுபடி கொடுத்தேன், சரியாக இருந்தது. இப்போது எல்லாரும் என்னை 'நோயாளி' என்றே கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அப்பா, அன்று முழுக்க உங்கள் வாய்தான் கண்ணுக்குள் நின்றது. போனில் பார்க்கும்போதெல்லாம் இடது பக்கமே மெல்லுகிறீர்கள். புகையிலை அடக்குவது வலது கன்னத்தில்தானே?

அம்மாவை டார்ச் அடிக்கச் சொல்லி, அந்தக் கன்னத்தின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். படம் எனக்கு, வாய் டாக்டருக்கு. இந்த வாரமே போங்கள். அப்படியே நீங்கள் இருவரும் சண்டை போடுவதையும் பதிவு செய்து அனுப்புங்கள். அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்றால், வீணாக அலைக்கழித்தேன் என்று என்னை ஆசைதீரத் திட்டுங்கள். அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன்.

உங்கள் மகள்