துருப்பிடிக்காத அம்பாசடர்

மரக்காணம்
12.3.2006

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் பெயரில் இருந்த நம் அம்பாசடரை விற்றுவிட்டேன். புரோக்கரும் இல்லை, உங்கள் தம்பியும் இல்லை. நானே விற்றேன்!

"மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி. அதுவும் உப்பளத்து ஊரு. அடியில தகடே இருக்காதும்மா" என்றார் பெருமுக்கலிலிருந்து வண்டி வாங்க வந்த சவரிமுத்து. பாயை விரித்து, "படுத்துப் பாருங்க" என்றேன். டார்ச்சோடு வண்டிக்கடியில் போனவர் வெளியே வர வெகுநேரமாயிற்று.

"யாருங்க இப்படி மெயின்டெயின் பண்ணது?"

"நான்தாங்க. குடிக்கிற தண்ணியில தினம் அடியக் கழுவிடுவேன்."

சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார்.

"வண்டி துருப்பிடிக்கறதுக்குள்ள வந்துடறேன்" என்றுதானே ஏழு வருஷத்துக்கு முன்பு துபாய் போனீர்கள்? உங்கள்மேல் தப்பில்லை, மச்சான். நான்தான் துருப்பிடிக்க விடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா