சரளை நழுவிய இடம்

ஆற்றங்கரை முகாம்
மே 4

அன்புள்ள அண்ணா,

வந்து சேர்ந்துவிட்டேன். கூடாரம் ஒழுகவில்லை, தேநீர் சூடாகக் கிடைக்கிறது, அண்ணியிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

காலையில் மூடுபனி ஆற்றின்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அது விலகும்வரை எனக்கும் வேலையில்லை. எதிர்க்கரைப் பாறைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடியில் சாம்பல் நிறக் களிப்பாறை, அதன்மேல் செம்மணற்பாறை, உச்சியில் சரளை. கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. "இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று கேட்பாயே, அதேதான். பார்க்கப் பார்க்க, என்றோ இங்கே இருந்த கடல் காலடியில் மெல்ல அசைவதுபோல இருக்கிறது.

நீ அணை கட்டப்போகும் இடத்தின் குறுக்கே ஒரு முறிவு, பூமி பிளந்து நழுவிய கோடு, ஓடுகிறது. பதறாதே. பாறைகள்தான் நழுவியிருக்கின்றன, மேலே சரளை ஒரே சீராகப் படிந்திருக்கிறது. முறிந்து முடிந்த பிறகே சரளை வந்திருக்கிறது என்று அர்த்தம். முறிவு தூங்கிப்போய் யுகங்கள் ஆகியிருக்கும்.

உன் தங்கை,
மண்ணாங்கட்டி


நகரம்
மே 11

அன்பு மண்ணாங்கட்டிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி பாறையைப் பாத்து எழுதுறாங்களா, கனவு கண்டு எழுதுறாங்களா?" என்றார் தலைமைப் பொறியாளர். எல்லாருக்கும் சிரிப்பு. எனக்குப் பெருமை.

இந்த அணையை வரையத் தொடங்கியபோது உன் மருமகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது மேசைமேல் ஏறி, என் வரைபடத்தில் மீன் வரைகிறாள். அண்ணி திட்டினாள், நான் அழிக்கவில்லை. தண்ணீர் வந்தால் மீனும் வரத்தானே செய்யும்!

உன் பாறை அறிக்கையைச் சீக்கிரம் அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


முகாம்
மே 19

அன்புள்ள அண்ணா,

இதை எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது. நான் சொன்னதை மாற்ற வேண்டியிருக்கிறது.

நல்ல மழை. கரை சரிந்த இடத்தில், சரளைக்குள் ஒரு செங்கல் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குள் பொதிந்து கிடப்பது அதைவிட மூத்ததாகத்தானே இருக்க வேண்டும்? செங்கல் சுட்ட பிறகு வந்த சரளை எப்படிப் பழைய ஆற்றுச் சரளையாகும்? விசாரித்தேன். பாதை போடுவதற்காக யாரோ கொட்டி நிரவியதாம்.

குழி வெட்டச் சொன்னேன். கொட்டிய சரளைக்கு அடியில் உண்மையான ஆற்றுச் சரளை இருக்கிறது, அண்ணா. அது சீராக இல்லை. முறிவு அதையும் வெட்டிக்கொண்டு போகிறது. ஆறு சரளையைப் படியவிட்ட பிறகும் இங்கே பூமி நழுவியிருக்கிறது. இனியும் நழுவலாம்.

குழி வெட்டியவர் மேலே ஏறி, கையைத் துடைத்துக்கொண்டே, "இதுமேலயாம்மா அவ்வளவு தண்ணியை நிறுத்தப் போறாங்க? கீழதான் எங்க வீடெல்லாம் இருக்கு" என்றார். நீ இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கை


நகரம்
மே 24

தங்கைக்கு,

போன கடிதத்தில் தூங்குகிறது என்றாய். இந்தக் கடிதத்தில் விழித்துக்கொண்டது என்கிறாய். ஒரு செங்கல் துண்டுக்காக என் அணையையே நிறுத்தச் சொல்கிறாயா? உன்னை அங்கே அனுப்பச் சொல்லி எல்லாரிடமும் மன்றாடியவன் நான். இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

குழியை மூடிவிடு. முதலில் எழுதியதையே அறிக்கையாக்கி அனுப்பு. கூடப் பிறந்தவனுக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?

அண்ணன்


முகாம்
மே 28

அண்ணா,

குழியை மூடவில்லை. நேரில் பார்த்ததை எழுதி அறிக்கையை இன்று அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி இதோடு வருகிறது.

நீ பேசாமல் இருந்தால் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்காதே. தாங்க மாட்டேன். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

மண்ணாங்கட்டி


நகரம்
ஜூன் 21

அன்பு மண்ணாங்கட்டிக்கு,

நீ சந்தைக்குப் போயிருந்த காலையில் நான் முகாமுக்கு வந்திருந்தேன். சொல்லாமல்தான் வந்தேன். உன் கணக்கில் பிசகு கண்டுபிடிக்கலாம் என்றுதான் வந்தேன்.

பனி குழிக்குள்ளும் இறங்கியிருந்தது. ஏணியில் இறங்கும்போது நீருக்குள் போவதுபோல இருந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. வெளிர்மஞ்சள் கூழாங்கற்கள் ஒரே வரிசையாகப் போவதைப் பார்த்து, அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தேன். முறிவுக்கு வந்ததும் வரிசை அறுந்துபோனது. தேடினேன். அரை முழம் கீழே, அதே மஞ்சள் கற்கள் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி தொடங்கிப் போய்க்கொண்டிருந்தன. உன் கணக்கில் பிசகே இல்லை. உனக்காகக் காத்திருக்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன்.

அந்த இடம் வேண்டாம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தலைமைப் பொறியாளர், "நீங்களேவா சொல்றீங்க?" என்று கேட்டார். "நானே இறங்கிப் பாத்தேன் சார்" என்றேன். வீட்டுக்கு வந்து, மீன் வரைந்த அந்த வரைபடத்தைச் சுருட்டி மேலே வைத்தேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதற்காகப் பேசாமல் இருக்க முடியவில்லை.

மலைக்கு மேலே, ஆறு இரண்டாகப் பிரிந்து சேருகிற இடத்தில் அணைக்குத் தோதான ஒரு குறுகலான பள்ளத்தாக்கு இருக்கிறதாம். அடுத்த வாரம் வருகிறேன், சேர்ந்து போவோம். இந்த முறை முதலில் நீ பார். நீ சொன்ன பிறகுதான் நான் பென்சிலைத் தொடுவேன்.

உன் அண்ணன்