கூலருக்கு ஒரு சிவப்பு டேக்

ஜனவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப்போகிறேன் என்றதற்கு வாட்ஸ்அப்பில் இனியவனின் அறிவுரை ஏழு துண்டுகளாகக் கிடக்கிறது. போன் கம்பெனியில் என் லைன் சூப்பர்வைசர். போன வருஷம் தவணையில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினான். கீபோர்டு ஏழு நிறத்தில் மினுக்கும். பத்து நிமிஷத்தில் மிக்ஸி மாதிரி இரையும். உள்ளே ஒன்றையும் மாற்ற முடியாது. அதை வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பெடுக்கிறான்.

"லேடீஸ்க்கு எதுக்குங்க ஃபெபி அசெம்பிள் பண்ற வேலைலாம்? ரெடிமேடா வாங்கிடுங்க." இது கடைசித் துண்டு.

அவன் லைனில் நாளெல்லாம் போனை அசெம்பிள் பண்ணுவது யாராம்? இருநூறு லேடீஸ்.

ஜனவரி 13

பட்டியல் முடிந்தது. மதர்போர்டில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. நாலு வருஷம் கழித்துப் புது புராசசர் மாற்றினாலும் இதே போர்டு ஏற்கும். பவர் சப்ளையும் தேவைக்கு ஒரு படி மேலேதான். ரேம் விற்கிற விலைக்கு இப்போதைக்கு ஒன்று போதும், பக்கத்து ஸ்லாட் காலியாக இருக்கட்டும். கிராஃபிக்ஸ் கார்டு போனஸ் வந்தபிறகு. மினுக்குகிற விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. விளக்கு வேண்டுமென்றால் திருவிழாவுக்குப் போகலாம்.

ஜனவரி 24, சனி

எனக்கு ஓ.டி. அதனால் சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குத் தம்பி ஜாக்சனை அனுப்ப வேண்டியதாயிற்று. வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு கண்ணாடி தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைக்கத் தெரியாது.

"பைக்ல போனா குலுங்கும்னு பஸ்லயே வந்தேன்க்கா. தண்டலம் வர்ற வரிக்கும் மடிலயே வெச்சிகினு வந்தேன்."

பஸ்ஸில் அவன் தூங்காமல் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

சிப்பை ஸ்டாடிக் கரண்ட் தாக்காமலிருக்கக் கையில் ஸ்ட்ராப் மாட்டி, முறையாக உட்கார்ந்தேன். ஜாக்சன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஆன் பண்ணா கலர் கலரா எரியுமாக்கா?" என்றான்.

புராசசரைக் குளிர்விக்கும் கூலரின் அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. சுத்தமான வேலை. சூடு கடத்தும் பேஸ்ட் வைத்து புராசசர் மேல் பொருத்தினேன். முதல் தடவையே ஆன் ஆனது! இனியவனுக்குப் போட்டோ அனுப்பினேன், வேண்டுமென்றே.

கேம் போட்டுப் பத்தாவது நிமிஷம் தானாக அணைந்தது. மறுபடி போட்டேன். புராசசர் சூடு தொண்ணூற்றைந்து டிகிரி, மறுபடி அணைந்தது.

ஜனவரி 26

லீவு. காலையிலிருந்து ஆறு முறை. அதே கதை.

"புராசசரை எங்கடா கீழ போட்ட?"

"போடலக்கா."

"பின்ன தானா கெட்டுப்போச்சா? தூங்கிட்ட. வுழுந்திச்சி. ஒத்துக்கோ."

"நீ பண்ணதுல தப்பு இருக்கவே இருக்காதாக்கா?"

எட்டு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். என்னைக் கேட்கிறான். மூட்டை தூக்குகிற வண்டி ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று கேட்டேன். ஒரு பையை எடுத்துக்கொண்டு ஒரகடத்தில் நண்பனின் ரூமுக்குப் போய்விட்டான்.

போகட்டும்.

ஜனவரி 29

போனை எடுக்கவில்லை. பெரிய மனுஷன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சர்ச்சில் அவன் இடம் காலி. "ஒரு பொட்டிக்காக கூடப் பொறந்தவன தொரத்திட்டியே" என்று அம்மா வழியெல்லாம் புலம்பல். பெட்டி என்றா சொல்வது இதை?

ஆனாலும் — கல்யாணத்துக்கு நான் மாட்டேன் என்றபோது வீடே ஒரு பக்கம் நின்றது. என் பக்கம் நின்றவன் அவன் ஒருவன்தான். இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

பிப்ரவரி 3

இன்று லைனில் எழிலரசி என்ற புதுப்பெண் ஒரு போனின் மேல் ஒட்டிய ஃபிலிமை உரித்துவிட்டாள். எங்கள் லைனில் ஃபிலிமில் கை வைத்தாலே ரிஜெக்ட். சிவப்பு டேக் எடுத்து எழுத ஆரம்பித்தேன். அழுதாள்.

"வூட்ல எந்த சாமான் வாங்கினாலும் இத உரிச்சிட்டுதானே மேடம் யூஸ் பண்ணுவோம்..."

என் பேனா நின்றுவிட்டது.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வீடு. கூலரைக் கழற்றினேன். ஃபிலிம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் என் பேஸ்ட். அதிலேயே பெரிய எழுத்தில், பொருத்தும் முன் உரிக்கவும் என்று கம்பெனிக்காரன் அச்சடித்திருக்கிறான். எட்டு வருஷமாக உரிக்காதே, உரிக்காதே என்று அடுத்தவளை மிரட்டியவள். கண் இருந்தும் படிக்கவில்லை. ச்சீ!

உரித்தேன். துடைத்தேன். புது பேஸ்ட். இரண்டு மணி நேரம் ஓடியது. அறுபத்தெட்டு டிகிரி.

அவன் தூங்கவே இல்லை. மடியில்தான் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

பிப்ரவரி 5

மன்னிச்சுக்கோ என்று டைப் செய்து அழித்தேன். நான்கு தடவை. விரல் வரமாட்டேன் என்கிறது.

கடைசியில் ஒரு சிவப்பு டேக் எழுதினேன். பொருள்: கூலர். பழுது: ஃபிலிம் உரிக்கப்படவில்லை. செய்தவர்: ஃபெபி. காரணம் என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் சமாதானம் மாதிரி இருந்தது, காலியாக விட்டேன். கம்ப்யூட்டரின் மேல் ஒட்டி, அவனுக்குப் போட்டோ அனுப்பினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்தான். நேராக டேக்கிடம் போய் நின்று படித்தான்.

"காரணம் காலியா கீதே?"

"நீயே எழுதுடா."

பேனாவை வாங்கி எழுதினான்: திமிர். கீழே கையெழுத்து வேறு: இன்ஸ்பெக்டர், ஜாக்சன்.

கோபம் சுர்ரென்று வந்தது. வந்தது, போய்விட்டது. இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஜாக்சன் தன் சம்பளத்தில் இரண்டாவது ரேம் வாங்கி வந்திருக்கிறான். அதில் விளக்கு மினுக்கும். பச்சை, சிவப்பு, ஊதா. சகிக்காது. ஆனாலும் கையில் ஸ்ட்ராப் மாட்டி உட்கார்ந்தேன்.

"நானே போடட்டுமாக்கா?"

நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது. ஸ்ட்ராப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினேன்.