வடைக் காகித மீட்டர்

புதுச்சேரி,
ஐப்பசி, 1959

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கலீலுல்லா பாய் கடையில் நாங்கள் செய்த சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர் நேற்று விற்றுவிட்டது. அது விற்றால்தான் என் வேலை நிரந்தரம் என்று பாய் சொல்லியிருந்தார். வாங்க வந்த முசே லூர்துசாமிக்கு (இங்கே 'ஐயா' என்பதை பிரெஞ்சுக்காரர் போல 'முசே' என்பார்கள்) ஒரே கவலை. லைசென்ஸ் அனுமதிக்கும் ஐந்து வாட்டை அது தாண்டக்கூடாது. ரேடியோ சக்தியை அளக்கும் தனி மீட்டர் எங்களிடம் இல்லை.

"வெளிநாட்டு மீட்டர் வாங்கணும்னா கடைய வித்துடணும் தம்பி" என்றார் பாய்.

கல்லூரியில் செய்த சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரே மாதிரி இரண்டு கார் பல்புகள். ஒன்றை டிரான்ஸ்மிட்டரும் மற்றதை பேட்டரியும் எரிக்கும். நடுவில் எண்ணெய்ப் புள்ளி உள்ள காகிதம். இரு பக்கமும் வெளிச்சம் சமமானால் புள்ளி மறைந்துவிடும். அப்போது பேட்டரி தரும் சக்தியைக் கடையிலுள்ள சாதாரண மீட்டரில் அளக்கலாம். டிரான்ஸ்மிட்டரின் சக்தியும் அதுதான்.

பாய் தின்றுகொண்டிருந்த வடையின் எண்ணெய் ஊறிய காகிதத்தை வாங்கினேன்.

"இதுதான் மீட்டரா பாய்?"

"ஆமா முசே. வெளிநாட்டு மீட்டரோட வட குடுப்பானா?"

கதவைச் சாத்தினோம். பேட்டரி பக்கத்து வெளிச்சத்தை மெல்லக் கூட்டினேன். புள்ளி மங்கி, காணாமல் போனது. நான்கு வாட். முசே சிரித்துவிட்டார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உப்பு நார்த்தங்காய் கொடுத்தனுப்பு. ஓட்டலில் தனியாகச் சாப்பிடும்போது எதுவும் இறங்குவதில்லை.

காலையில் பாய் கேட்டார்: "ஊட்டுக்காரம்மாவ எப்பப்பா கூட்டியாறப் போற?" முத்தியால்பேட்டையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

நார்த்தங்காயை யாரிடமும் கொடுக்காதே. நீயே கொண்டு வா.

உன்
ஜானகிராமன்