பேயின் இடது தோள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா?

சிரிப்புப் பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு உடை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பாகத்தில் வந்த அதே பேய்க்குப் புதிதாக ஒரு வெள்ளைக் கவுன். நடிகையின் அளவுச் சீட்டை எங்கேயோ தொலைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் துணியை வெட்டிவிட்டேன். தைத்துப் போட்டுப் பார்த்தால் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கி நிற்கிறது.

"யாரு அளவும்மா இது?" என்று டெய்லர் மாஸ்டர் கேட்டார். உனக்கே ஜாக்கெட் தைத்துப் பழகிய கை, வேறு யார் அளவை வெட்டும்?

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். டைரக்டரோ விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே விடுங்க. பேய் ஏதோ பாரத்தைத் தூக்கிட்டு அலையுற மாதிரி இருக்கு" என்றார். இனி ஊரே உன் தோளைப் பார்த்து அலறப்போகிறது. கோபித்துக்கொள்ளாதே.

கவுன் இப்போது என் அறை ஜன்னலோரம் தொங்குகிறது. விடிந்ததும் வெளிச்சம் அதற்குள் நிறைந்து, காற்றில் மெல்ல அசைகிறது. நீ முதுகு காட்டி நின்று துணி மடிப்பது போலவே இருக்கிறது. அரைத்தூக்கத்தில், "இதோ எழுந்துட்டேம்மா" என்று பதில்கூடச் சொல்லிவிடுகிறேன்.

நீ இளைத்துவிட்டாய் என்கிறார் அப்பா. நீயோ, "இல்லவே இல்லை" என்கிறாய். இப்போது போட்டுக்கொள்ளும் ஜாக்கெட் ஒன்றை அனுப்பு, அளவு பார்க்கத்தான். துவைக்காமல் அனுப்பு.

வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்